மடித்து வைத்த தாள்



ஆண்டுதோறும் இம்மலருக்கு மொழியைப் பற்றியோ பண்பாட்டைப் பற்றியோ எழுதிவந்த நாம், இம்முறை எமது மகிழுந்தின் பிறேக் குழாயைப் பற்றி எழுதத் துணிந்தோம். மலர்க்குழுவினர் பொறுத்தருள்வார்களாக. சனிக்கிழமைதோறும் எமது மகளோடு அயல்வீட்டுப் பிள்ளைகள் மூவரும் எமது வண்டியிலேயே இப்பள்ளிக்கு வருகின்றனர். ஆதலால் இஃது எமது வீட்டுக் கதை மட்டுமன்று.

2008ஆம் ஆண்டுவரை நாம் வன்னியிலே ஒரு பாடசாலையில் விஞ்ஞானம் கற்பித்தோம். ஆய்வுகூடம் என்று சொல்ல எதுவும் இல்லை. மருந்தகத்திற் கேட்டு வாங்கிய சிறிய ஊசிக்குழல் ஒன்றையும் பெரியது ஒன்றையும் சேலைன் குழாயால் இணைத்து, நீர் நிரப்பிப் பாஸ்கல் விதியைக் காட்டுவோம். சிறியதை விரலால் அழுத்தினால், பெரியதன் மேல் வைத்த புத்தகக் கட்டு மெல்ல எழும். அடைபட்ட திரவத்தில் ஓரிடத்திற் கொடுத்த அமுக்கம் எத்திசையும் குறையாது சென்று சேரும். மகிழுந்தின் பிறேக்கும் இவ்வாறே இயங்குகிறது என்று கரும்பலகையிற் படமும் கீறினோம். மகிழுந்தின் சில்லைக் கழற்றிப் பார்த்தவர் அவ்வகுப்பில் எவருமில்லை, ஆசிரியரும் பார்த்ததில்லை.

எமது படத்திலே குழாய் ஒரே கோடாக இருந்தது. உண்மையில் அதன் பெரும்பகுதி உலோகக் குழாய். ஆனால் சில்லு பள்ளத்தில் இறங்கும், மேட்டில் ஏறும். முன்சில்லு இருபுறமும் திரும்பும். ஆகவே கடைசிச் சிறு தூரத்துக்கு மட்டும் வளையக்கூடிய இறப்பர்க் குழாய் பூட்டப்பட்டிருக்கும். உள்ளே நூற்பின்னல் இட்டு வலுவூட்டியிருப்பினும் இறப்பர் காலத்தால் முதுமையடைந்து வெடிக்கும். மாரியில் இந்நாட்டு வீதிகளில் தூவும் உப்பு, அதன் முனைகளிலுள்ள உலோகத்தை அரிக்கும்.

இங்கிலாந்தில் 3 ஆண்டு கடந்த மகிழுந்துகளை ஆண்டுக்கொருமுறை எம்.ஓ.ரி. சோதனைக்கு விடவேண்டும். சென்ற ஆண்டு எமது வண்டி தேறியது. ஆயினும் தாளின் அடியில், முன் இடப்பக்க பிறேக் குழாயின் இறப்பர் நலிவடைகிறது என்று ஓர் ஆலோசனைக் குறிப்பு இருந்தது. தேறிவிட்டதே என்று மகிழ்ந்தோம். வாடகையும் ஊருக்கு அனுப்பவேண்டிய பணமும் கண்முன் நின்றன. தாளை மடித்து வண்டியின் பெட்டிக்குள் வைத்தோம். தேர்ச்சி அறிக்கையில் 'கவனம் தேவை' என நாம் எழுதியதைப் படியாமற் கையொப்பமிட்ட பெற்றோரை எத்தனை முறை கடிந்திருப்போம்!

இவ்வாண்டு வசந்தத்தில், மிதி முன்னையிலும் மெத்தென்று அமிழ்வதை உணர்ந்தோம். வன்னியில் எம்மிடம் கற்ற ஒருவர் இங்கே வண்டி திருத்துநராக இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை வந்தார். சமதரையில் வண்டியை ஜக்கினால் உயர்த்தி, அதை மட்டும் நம்பாது தாங்கிகளை வைத்துச் சில்லைக் கழற்றினோம். குழாயை மெல்ல வளைத்தபோது வெடிப்புகளின் அடியில் நூல் தெரிந்தது. பின்னர் மகளை உள்ளே அமர்த்தி, மிதியைப் பலமாக அழுத்தச் சொன்னார். குழாயின் நடுவே நாவற்பழம் போல ஒரு வீக்கம் எழுந்தது. காலை எடுத்ததும் மறைந்தது.

"சேர், நீங்கள் படிப்பிச்ச அமுக்கம்தான். சில்லுக்குப் போகாமல் இஞ்சை நிக்குது," என்றார்.

நாம் எதுவும் பேசவில்லை. இக்கால வண்டிகளில் பிறேக்குக்கு இரு தனிச் சுற்றுகள் உண்டு. ஒரு குழாய் வெடித்தாலும் மற்றச் சுற்று ஓரளவு பிடிக்கும், ஆனால் வண்டி நிற்கும் தூரம் நீளும் என்று அவரே ஆறுதலாகச் சொன்னார். அந்த நீண்ட தூரத்துள் பள்ளி வாயிலின் கடவையும் அடங்கும் என்று எமக்குத் தோன்றியது.

ஒரு பக்கம் பழுதெனினும் முன்னிரண்டையும் சேர்த்தே மாற்றவேண்டும் என்பது அவரது கட்டளை. துருவைக் கம்பித் தூரிகையால் நீக்கி, துரு இளக்கும் எண்ணெய் விட்டுக் காத்திருந்தோம். இரண்டு ஸ்பானர்கள் தேவை. ஒன்று குழாய்முனையை அசையாது பிடிக்க, மற்றது நட்டைத் திருக. அவசரப்பட்டால் உலோகக் குழாயே முறுகிவிடும். "கலிப்பரைக் குழாயில தொங்க விடாதேங்கோ, சேர்!" என்று அதட்டினார். ஒருகாலத்தில் நாம் அவரை அதட்டியதற்கு இது வட்டியென எண்ணிக்கொண்டோம். புதிய குழாயை முறுக்கின்றிப் பூட்டி, கலிப்பர் முனையில் பழைய செப்பு வாசர்களை எறிந்து புதியன இட்டோம். சில்லை இருபுறமும் முழுதாகத் திருப்பி, குழாய் எதிலும் உரசவில்லை என்று உறுதிசெய்தோம்.

காற்றை வெளியேற்றுவதே பொறுமையைச் சோதித்தது. மகள் மிதியை அழுத்துவாள். நாம் சிறு திருகைத் திறப்போம். குமிழிகளோடு திரவம் போத்தலுக்குள் வரும். திருகை மூடிய பின்னரே அவள் காலை எடுக்கலாம். அவர் தாங்கியிலே திரவம் குறையாது ஊற்றிக்கொண்டிருந்தார். நெடுநாள் திறந்திருந்த போத்தலை அவர் தொடவும் விடவில்லை. பிறேக் திரவம் காற்றின் ஈரத்தை உறிஞ்சும், ஈரம் மிகுந்தால் சூட்டில் ஆவிக்குமிழி தோன்றும். இறுதியில் மிதி கல்லைப்போல் உறுதியாக நின்றது. இயந்திரத்தை இயக்கி மீண்டும் அழுத்தி, எங்கும் கசிவில்லை என்று கண்ட பின்னரே தெருவில் மெல்ல ஓட்டினோம். இவ்வேலையைப் புத்தகத்தைப் பார்த்துத் தனியே செய்ய எவரும் முற்படவேண்டாம். அருகில் அறிந்தவர் நின்றதாலேயே நாம் செய்தோம்.

அன்று மாலை பழைய குழாயையும் மடித்து வைத்த தாளையும் எடுத்துக்கொண்டு அயல்வீட்டுக்குச் சென்றோம். ஓராண்டாக இதனை நம்பியே உங்கள் பிள்ளைகளை ஏற்றினோம் என்று சொன்னோம். தந்தையார் தாளை இருமுறை படித்தார். தாயார் குழாயைக் கையில் வாங்கி, வளைத்து, வெடிப்புகளை நெடுநேரம் பார்த்தார். கோபம் வரும் என்று நின்றோம்.

"மாஸ்ரர், எங்கட காரின்ர தாளும் உள்ளுக்குக் கிடக்கு. ஒருக்காப் பாத்துச் சொல்லுறியளோ?" என்று கேட்டார் அவர்.