வெளிக்கிடச் சொன்னபோது

அந்த உத்தியோகத்தர் கட்டளையிடவில்லை. கையிலிருந்த கருவியை அலுமாரிக்குள்ளும் குழாய் சுவருக்குள் நுழையும் இடத்திலும் பிடித்துப் பார்த்தார், முகம் மாறியது. சில நாட்களுக்கு வேறிடத்தில் இருப்பது நல்லது, முடிவு உங்களுடையது என்றார்.

2008 செப்டெம்பர். மெல்பேணின் தென்கிழக்கே, கிரான்போர்ணில், புரூக்லண்ட் கிரீன்ஸ் குடியிருப்பு.

"என்னவாம் தம்பி?"

"காஸாம் அம்மா. குப்பைக் கிடங்கிலயிருந்து நிலத்துக்குள்ளால வருதாம். வெடிக்கவும் கூடுமாம்."

அம்மா மூச்சை இழுத்துப் பார்த்தார். நனைந்த புல், காலையில் தாளித்த கறிவேப்பிலை, சாமியறை விபூதி. "ஒரு மணமும் இல்லையே!"

மெதேனுக்கு மணமில்லை. அடுப்புக்கு வரும் காஸில் நாறுவது, கசிந்தால் தெரியட்டும் என்று கலந்துவிடுவது. எங்கள் வேலிகளுக்கு அப்பால், மணல் அகழ்ந்த பழைய குழியை 1996 முதல் 2005 வரை குப்பையால் நிரப்பி மூடியிருந்தார்கள். உள்ளே உக்கும் குப்பையின் வாயு மணலுக்குள்ளால் ஊர்ந்து, குழாய் வழியும் சீமெந்துத் தரையின் வெடிப்பு வழியும் வீட்டுக்குள் ஏறும். காற்றில் 5 முதல் 15 வீதம் கலந்துவிட்டால் ஒரு சுவிட்சின் பொறி போதும்.

யாழ்ப்பாணத்தில் எங்களுக்கு யோசிக்க நேரம் தரவில்லை. 1995 ஒக்டோபர் 30 இரவு, ஊரைவிட்டு வெளிக்கிடச் சொன்ன ஒலிபெருக்கி, மழை, அம்மாவின் கையில் அரிசிப் பை, என் தோளில் தங்கச்சி, முன்னால் சைக்கிள், பின்னால் மாடு, செம்மணி வீதி முழுக்கச் சனம், நாவற்குழிப் பாலத்தில் நெரிசல், ஷெல் எங்கே விழுகிறதென்று திரும்பிப் பார்க்கவும் இடமில்லை. அந்தப் பயத்துக்குச் சத்தம் இருந்தது.

இங்கே வீதி அமைதியாய்க் கிடந்தது. எதிர்வீட்டு இளம் தம்பதி காரில் குழந்தையின் தொட்டிலை ஏற்றுவதும் இறக்குவதுமாய் நின்றார்கள். வங்கிக் கடனையும் கட்டி, வாடகையும் எப்படிக் கட்டுவது? அவள் அழவில்லை. தொட்டிலின் கம்பியைத் துணியால் திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுக் கிழவர் போக மறுத்து, சன்னல்களை எல்லாம் திறந்துவிட்டு, குளிரில் மேலங்கியுடன் உட்கார்ந்திருந்தார். அதிகாரிகள் யார் யாரோ தொலைக்காட்சியில் பேசினார்கள். எனக்கு நினைவிருப்பது அந்தத் துணிதான்.

அம்மா விளக்கேற்றவில்லை. வன்னியில், தறப்பாளின் கீழும் ஒரு சிரட்டையில் திரி வைத்தவர். தீப்பெட்டியை என் கையில் தந்துவிட்டு, "போவம். இந்த முறை சொல்லிப்போட்டாவது அனுப்புறாங்கள்" என்றார்.

நாங்கள் திரும்பி வந்தபோது வீட்டில் அளவுகருவி பொருத்தியிருந்தார்கள். குப்பை மேட்டில் கிணறுபோலத் துளைத்து வாயுவை உறிஞ்சி எரித்தார்கள். 2009 ஒக்டோபரில் இதைப்பற்றிய ஒம்புட்ஸ்மன் அறிக்கை வந்தது. குடியிருப்பாளர்கள் தொடுத்த வழக்கு 2 கோடி 35 இலட்சம் டொலரில் இணக்கமானது. எதிர்வீட்டார் அதற்கு முன்பே போய்விட்டார்கள், எங்கேயென்று தெரியாது.

பல வருடங்கள் கழித்து வீட்டை விற்றேன். வாங்க வந்த பையனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாய்க் கேட்டான். "தெரியும் அண்ணா, அதனாலதானே எங்களுக்குக் கட்டுப்படியாகுது" என்றான்.