நான்கு நிமிடங்களும் ஒரு நன்றியும்



கடந்த சாரல் காலம் முடிந்ததிலிருந்து, எங்கள் கடையநல்லூரில் என்னைச் சந்திப்போர் சிலர் கையைப் பற்றிக்கொண்டு, "தொழுகைக்காகப் பந்தயத்தையே விட்டுக்கொடுத்தீங்களாமே, மாஷா அல்லாஹ்!" என்கின்றனர். திருமண வீடொன்றில் பெரியவர் ஒருவர் இளைஞர்களை அழைத்து என்னைச் சுட்டிக்காட்டவும் செய்தார். கேட்பதற்கு இனிமையாகத்தான் இருக்கிறது. ஆயினும் அச்செய்தியில் பாதிதான் உண்மை. மீதிப் பாதியில் பாராட்டுக்குரியவர் வேறொருவர். அவருக்குச் சேர வேண்டியதை நான் வைத்துக்கொண்டிருப்பது முறையாகாது என்பதால் நடந்ததை முழுமையாக எழுதுகிறேன்.

முதலில், நான் கலந்துகொண்டது எத்தகைய போட்டி என்பதைச் சொல்லிவிட வேண்டும். மிதிவண்டி ஓட்டுவோர் இதனை 'பிரெவே' என்ற பிரெஞ்சுச் சொல்லால் அழைக்கின்றனர். 200 கிலோமீட்டர் தொலைவைப் பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் கடக்க வேண்டும். 300 கிலோமீட்டருக்கு 20 மணி நேரம், 400-க்கு 27 மணி நேரம், 600-க்கு 40 மணி நேரம் என அளவு நீளும். ஒவ்வொருவரிடமும் ஓர் அட்டை இருக்கும். குறிப்பிட்ட இடங்களில் குறிப்பிட்ட நேரத்துக்குள் அதில் முத்திரை பெற வேண்டும். உதவி வண்டி பின்தொடரக் கூடாது. பஞ்சரானால் நாமே ஒட்டிக்கொள்ள வேண்டும். முதலிடம், இரண்டாமிடம் என்ற வரிசை கிடையாது. ஏழு மணி நேரத்தில் முடித்தவரும் பதின்மூன்றரை மணி நேரத்தின் கடைசி நிமிடத்தில் முடித்தவரும் ஒரே பட்டியலில் இடம்பெறுவர். நேரம் கடந்தவரின் பெயர் மட்டும் அப்பட்டியலில் இராது.

இம்முறையின் தாயகம் பிரான்ஸ். 1891-இல் பந்தயமாகத் தொடங்கிய பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் ஓட்டம் இன்று நான்காண்டுகளுக்கு ஒருமுறை, ஏறத்தாழ 1200 கிலோமீட்டர், 90 மணி நேரம் என்ற அளவில் என்னைப் போன்ற பொழுதுபோக்கு ஓட்டிகளுக்காகவே நடைபெறுகிறது. 2019-இல் நம் நாட்டிலிருந்தும் நூற்றுக்கணக்கானோர் சென்று கலந்துகொண்டனர். அதற்குத் தகுதி பெறும் படிக்கட்டுகளே இந்த 200, 300, 400, 600. நாற்பத்தேழு வயதில், துணிக்கடையில் நாள் முழுவதும் உட்கார்ந்திருக்கும் நான் முதற்படியில் கால் வைக்க விரும்பினேன்.

எங்கள் பாதை குற்றாலத்தில் தொடங்கியது. தென்காசி, கடையநல்லூர், புளியங்குடி, வாசுதேவநல்லூர், சிவகிரி, ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் ஆகிய ஊர்களைக் கடந்து கிருஷ்ணன்கோயிலில் திரும்பி அதே வழியே குற்றாலம் வந்துசேர வேண்டும். காலை 6:30 மணிக்குப் புறப்பாடு. இரவு 8 மணிக்குள் முடிவு.

புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பு எங்கள் மஹல்லா ஹஸ்ரத்திடம் சென்று, "200 கிலோமீட்டர் போகிறேன்; பயணிக்குரிய சலுகை எனக்கு உண்டா?" என்று கேட்டேன். அவர் பாதையை விசாரித்துவிட்டுச் சிரித்தார். போகவர உள்ள மொத்தத் தொலைவைக் கணக்கில் எடுப்பதில்லை. ஊரிலிருந்து சென்று சேரும் இடம் வரையுள்ள தொலைவே கணக்கு என்றார். இன்றைய அறிஞர் பலர் அந்த எல்லையை ஏறக்குறைய 80 கிலோமீட்டர் என்று சொல்கின்றனர். எங்கள் ஊரிலிருந்து கிருஷ்ணன்கோயில் அதற்குச் சற்றுக் குறைவு. "அதுவும் போக, திரும்பும்போது சொந்த ஊருக்குள்ளேதானே வருகிறீர்? ஊருக்குள் நுழைந்தவர் பயணி ஆகமாட்டார். ஒவ்வொரு தொழுகையையும் அதனதன் வக்தில் தொழுதுவிடும்" என்று முடித்துவிட்டார்.

ஆகவே நேரத் திட்டத்தை எழுத உட்கார்ந்தபோது லுஹர், அஸர், மஃரிப் மூன்றையும் முதலில் எழுதினேன். உணவு, தேநீர், ஓய்வு யாவும் அவற்றைச் சுற்றி அமைந்தன. மிதிவண்டிக்கான கால்சட்டைகள் பெரும்பாலும் முழங்காலுக்கு மேலேயே நின்றுவிடும் என்பதால், கணுக்கால் வரை நீளும் தளர்வான உடையை அணிந்தேன். கைப்பையில் ஒரு மெல்லிய துண்டு. ஒளுவுக்காக ஒரு தண்ணீர்ப் புட்டி தனியே. நபி (ஸல்) அவர்கள் ஒரு 'முத்து' அளவு நீரில் ஒளுச் செய்தார்கள் என்று ஹதீஸ் நூல்களில் காண்கிறோம். அது மிதிவண்டியில் மாட்டும் ஒரு புட்டியின் கொள்ளளவை ஒட்டியதுதான். குழாயைத் திறந்துவிட்டு ஒளுச் செய்து பழகிய எனக்கு அந்தப் புட்டி நல்லதொரு பாடம்.

ஓட்டத்தில் எனக்குத் துணையாக அமைந்தவர் தென்காசியைச் சேர்ந்த ஆசிரியர் ஒருவர், இந்துச் சகோதரர். ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய குற்றாலம், ஐந்தருவி, செங்கோட்டை என்று ஓட்டிப் பழகியபோது ஏற்பட்ட நட்பு. என்னை "பாய்" என்பார். நான் அவரை "சார்" என்பேன். என்னைவிடப் பத்து வயது இளையவர்; என்னைவிட வேகமானவர்.

போகும்போது காற்று எங்களுக்குத் தொல்லை தரவில்லை. இடப்புறம் மேற்குத் தொடர்ச்சி மலை மேகத்தைப் போர்த்திக்கொண்டு கூடவே வந்தது. நண்பகல் பன்னிரண்டரை மணிக்குக் கிருஷ்ணன்கோயிலை அடைந்து முத்திரை பெற்றோம். மரத்தடியில் துண்டை விரித்து லுஹர் தொழுதேன். நண்பர் உணவுக்குச் சொல்லிவைத்திருந்தார்.

திரும்பும்போதுதான் சோதனை தொடங்கியது. ஆடி மாதக் காற்று எப்படிப்பட்டது என்பது நம் பகுதி மக்களுக்குத் தெரியும். செங்கோட்டைக் கணவாய் வழியே புகுந்து வரும் அதே காற்றுதான் குற்றாலத்துக்குச் சாரலைத் தருகிறது. சமவெளியில் காற்றாலைகளைச் சுழற்றுகிறது. எதிரே மிதிவண்டியில் வருபவனையும் அது விட்டுவைப்பதில்லை. எதிர்காற்றில் இருவர் ஓட்டுவதற்கு ஒரு முறை உண்டு. ஒருவர் முன்னே சென்று காற்றை வாங்கிக்கொள்ள, மற்றவர் அவருடைய பின்சக்கரத்தை ஒட்டி வருவார். பின்னே வருபவருக்கு உழைப்பு குறையும். சில நிமிடங்களுக்கு ஒருமுறை இடம் மாறிக்கொள்வர். நாங்களும் அப்படித்தான் ஓட்டினோம். அஸருக்குப் பிறகு அவர் முன்னே செல்லும் நேரம் கூடிக்கொண்டே போனது. என் முறை குறைந்துகொண்டே வந்தது. அவர் அதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை.

கடையநல்லூருக்குள் நுழைந்தபோது மணி 6:45. பாங்கு ஒலித்துக்கொண்டிருந்தது. இன்னும் 22 கிலோமீட்டர். எஞ்சியிருந்தது 75 நிமிடம். நிற்காமல் சென்றாலும் இந்தக் காற்றில் இஷா வக்து நுழைவதற்குள் குற்றாலம் சேர்வோம் என்பதற்கு உறுதியில்லை. நான் வண்டியை நிறுத்தி, "சார், நீங்கள் போய்விடுங்கள். உங்களுக்கு நேரம் இருக்கிறது" என்றேன்.

அவர் தம் வண்டியை என் வண்டியின் அருகில் சாய்த்துவிட்டு, "நீங்க தொழுதுட்டு வாங்க பாய். சைக்கிளை நான் பார்த்துக்கிறேன்" என்றார்.

பன்னிரண்டு நிமிடம் கழித்து வெளியே வந்தேன். என் பின்விளக்கை எரியவிட்டு, சக்கரத்தின் காற்றைச் சரிபார்த்து, என் காலிப் புட்டிகளில் தண்ணீர் நிரப்பி வைத்திருந்தார். இடைகால் வழியே தென்காசி வரை பெரும்பகுதி அவரே முன்னால் ஓட்டினார். தென்காசியில் மேற்கே திரும்பியதும் காற்று நேர் எதிரே வந்தது. அதனுடன் சாரலும், அருவிக்குளியல் முடித்துத் திரும்பும் வாகனங்களின் விளக்குகளும். குற்றாலத்தில் அட்டையை நீட்டியபோது மணி 8:04. எங்கள் இருவர் பெயரும் பட்டியலில் ஏறவில்லை.

அன்றிரவு எனக்கு வருத்தமே இல்லை என்று எழுதினால் அது பொய். பல மாதப் பயிற்சி அது. வீட்டுக்கு வந்ததும் என் மகள், "அத்தா, முடிச்சிட்டீங்களா?" என்று கேட்டபோது பதில் சொல்ல நாழியாயிற்று.

மறுநாளே ஊரில் பேச்சு பரவிவிட்டது. மஃரிபுக்கு நின்றதை ஜமாஅத்தார் பலர் பார்த்திருந்தனர். நான்கு நிமிடத்தில் நழுவியதையும் அறிந்துகொண்டனர். இரண்டையும் சேர்த்துக் கதை உருவாகிவிட்டது. ஆனால் கணக்கைப் பாருங்கள். அன்று மொத்தம் 814 நிமிடம் ஆயிற்று. அதில் சக்கரம் உருண்டது 648 நிமிடம். நின்றது 166 நிமிடம். இரண்டு பஞ்சர்களுக்கு 35, காலை உணவுக்கு 25, மதிய உணவுக்கு 30, தேநீருக்கும் தண்ணீருக்கும் 26, முத்திரைகளுக்கு 12. மூன்று தொழுகைகளுக்கும் சேர்த்து 38 நிமிடம். இவற்றுள் எதில் நான்கு நிமிடம் குறைந்திருந்தாலும் நேரத்துக்குள் முடித்திருப்போம். அப்படியிருக்க, பஞ்சருக்காக யாரும் என்னைப் பாராட்டவில்லை. இட்லிக்காகப் பந்தயத்தைத் துறந்தவர் என்று எவரும் சொல்லவில்லை. பழி அத்தனையும் தொழுகையின் மீதும், புகழ் அத்தனையும் என் மீதும் ஏறிவிட்டன. தொழுகை என் நேரத்திலிருந்து பறிபோன ஒன்றன்று. நாளின் நேரம் தொடக்கத்திலேயே அதற்குரியது. அது போக எஞ்சியதில்தான் நான் ஓட்டினேன். கடமையை நிறைவேற்றியதைத் தியாகமாகக் காட்டிப் பெயர் வாங்கினால், அது முகஸ்துதியின் வாசலில் கொண்டுபோய் விட்டுவிடும். அல்லாஹ் நம்மைக் காப்பானாக.

அன்று உண்மையிலேயே விட்டுக்கொடுத்தவர் ஒருவர் உண்டு. நண்பருக்குத் தொழுகைக் கடமை இல்லை. பன்னிரண்டு நிமிடத்தைத் தம் கையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். என்னை விட்டுச் சென்றிருந்தால் அவர் பெயர் பட்டியலில் இருந்திருக்கும். பின்னர் இதை அவரிடம் சொன்னேன். "ராத்திரி நேரம், அந்தக் காத்துல உங்களைத் தனியா விட்டுட்டு நான் போய் என்ன செய்ய?" என்றார். அதற்குமேல் அவர் பேசவில்லை. ஊரில் அவரை யாரும் பாராட்டவும் இல்லை. மனிதர்களுக்கு நன்றி செலுத்தாதவர் அல்லாஹ்வுக்கு நன்றி செலுத்தியவராக மாட்டார் என்ற கருத்தில் வரும் நபிமொழியை மேடைகளில் அடிக்கடி கேட்கிறோம். இந்தக் கட்டுரை அந்தக் கடனில் ஒரு சிறு தவணை.

போட்டி என்பதே நம் மார்க்கத்துக்கு அந்நியமானது என்று எண்ணுவோரும் உளர். நபி (ஸல்) அவர்கள் குதிரைப் பந்தயம் நடத்தியதையும், தாமும் அதில் கலந்துகொண்டதையும் இப்னு உமர் (ரலி) அறிவிக்கிறார்கள். பயிற்சி பெற்ற குதிரைகளுக்கு ஹஃப்யாவிலிருந்து ஸனிய்யத்துல் வதா வரை ஐந்தாறு மைல். பயிற்சி பெறாதவற்றுக்கு அங்கிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரை ஒரு மைல். அவரவர் ஆற்றலுக்கேற்ற தொலைவு அன்றே வகுக்கப்பட்டிருந்தது. அந்தச் சிறு பந்தயத்தின் எல்லைக்கோடு ஒரு பள்ளிவாசல் என்பதை நினைக்கும்போது உள்ளம் மகிழ்கிறது.

இன்னொரு நிகழ்ச்சியும் நினைவுக்கு வருகிறது. நபி (ஸல்) அவர்களின் ஒட்டகமான அள்பாவை எதுவும் முந்தியதில்லை. ஒருநாள் கிராமவாசி ஒருவரின் இளம் ஒட்டகம் அதனை முந்திவிட்டது. தோழர்களுக்கு அது பெரும் மனக்குறையாயிற்று. உலகில் உயரும் எதையும் ஒருநாள் தாழ்த்துவது அல்லாஹ்வின் நியதி என்ற பொருளில் நபியவர்கள் அவர்களைத் தேற்றினார்கள். முந்தப்படுவது இழிவன்று என்பதை மதீனாவே கற்றுக்கொண்ட நாள் அது. துணிக்கடைக்காரன் ஒருவனின் நான்கு நிமிடம் எம்மாத்திரம்!

நம் குடும்பங்களில் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பெருகிவரும் காலம் இது. மிதிவண்டி ஓட்டப் பெரும் பொருட்செலவு வேண்டியதில்லை; பிரெவேயும் வேண்டியதில்லை. சுப்ஹுக்குப் பின் பத்துக் கிலோமீட்டர் போதும். சக்கரத்தில் காற்று, தலையில் ஹெல்மெட், முன்னும் பின்னும் விளக்கு, ஒளியைத் திருப்பிக் காட்டும் மேலங்கி ஆகியவை இருக்கட்டும். பிள்ளைகளையும் அழைத்துச் செல்லுங்கள். ஆயிஷா (ரலி) அவர்களுடன் நபியவர்கள் ஓட்டப்போட்டி வைத்ததை அறிந்த நாம் நம் மகள்களின் மிதிவண்டியைப் பூட்டி வைக்கக் காரணம் ஏதுமில்லை.

வரும் சாரலுக்கு மீண்டும் விண்ணப்பிக்க எண்ணியுள்ளேன், இன்ஷா அல்லாஹ். நண்பரும் வருகிறார். நேரத் திட்டத்தை இம்முறை அவரே எழுதினார். எழுதி முடித்து என்னிடம் தந்தார். மேலிருந்து மூன்று வரிகள்: லுஹர், அஸர், மஃரிப்.