நிறத்துக்கு ஒரு விலை, வீரியத்துக்கு ஒரு விலை

மலச்சிக்கலுக்கு மருந்துக்கடையில் வாங்கும் மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார்த்தால் பலவற்றில் 'சென்னோசைடு' என்று இருக்கும். அது நம் நிலாவாரை இலையின் சத்து. உலகச் சந்தையில் அந்த இலைக்குப் பெயரே திருநெல்வேலி சென்னாதான்.

தூத்துக்குடிப் பக்கத்து மானாவாரிக் காடுகளில் இலை உருவும் பருவத்தில் போயிருந்தேன். விதைத்த இரண்டு மூன்று மாதத்தில் முதல் பறிப்பு, ஒரு மாதம் விட்டு அடுத்தது, கடைசியில் காய். பூங்கொத்தைக் கிள்ளிவிட்டால் இலை பெருகும். ஆடுமாடு அவ்வளவாக வாய் வைக்காத செடி.

கொட்டகைத் தரையில் இலையை மெல்லிசாகப் பரப்பியிருந்தார்கள். குவித்துவைத்தால் புழுங்கிக் கறுத்துவிடும். கையால் கிளறிக்கொண்டிருந்த அம்மா சொன்னார்: "வெயில்ல போட்டா வெளுத்துப் போகும்லா தம்பி. வெளுத்த இலைய யேவாரி தொட மாட்டாரு." வியாபாரி வந்து ஒரு கை அள்ளினார், பச்சையையும் அகலத்தையும் பார்த்தார், விலை சொன்னார். ஆனால் அவரிடம் வாங்கி மருந்துச் சத்தெடுக்கும் கம்பெனிக்கு வேண்டியது சென்னோசைடு எத்தனை சதவீதம் என்பது. நல்ல பச்சை, நிழலில் பக்குவமாகக் காய்ந்த இலை என்று சொல்லும். உள்ளே எவ்வளவு சத்து என்று சொல்லாது. அதைச் சொல்லும் சோதனையைப் பார்க்க ஒரு பை இலையோடு ஆய்வுக்கூடத்துக்குப் போனேன்.

பகுப்பாய்வு செய்யும் பெண் முதலில் லென்ஸைத் தந்தார். இலையின் அடியில் நடுநரம்பின் இரு பக்கமும் சமமாக இல்லை. ஒரு பக்கம் சற்றே இறங்கியிருக்கிறது. அசல் நிலாவாரைக்கு அது அடையாளம். கலப்படமாக வருவது பெரும்பாலும் நம் ஆவாரை இலை. எத்தனையோ நோய்க்கு உதவுகிற ஆவாரையில் இந்தப் பேதிச்சத்து இல்லை. 80 சதவீதக் கந்தக அமிலத்தில் ஆவாரை இலைத்தூளைப் போட்டால் செக்கச்செவேல் என்று சிவக்கும், நிலாவாரை அப்படிச் சிவக்காது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுக் காட்டினார்.

அடுத்தது நான் பார்க்க ஆசைப்பட்ட சோதனை. ஒரு சிட்டிகை இலைத்தூளைத் தண்ணீரும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சேர்த்துக் கால்மணி நேரம் சூடாக்கினார். ஆறியதும் பிரிபுனலில் ஈதர் ஊற்றிக் குலுக்க, சத்து மேலே நிற்கும் ஈதருக்கு ஏறிவிட்டது. ஈதரை வற்றவிட்ட கிண்ணத்தில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஒரு படிவு. அதில் சில சொட்டு அம்மோனியா விட்டதும் மஞ்சள். "பொறுங்க" என்று கிண்ணத்தை வெந்நீர்த் தொட்டியில் வைத்தார். ஓரத்தில் ஆரஞ்சாகத் தொடங்கி, இரண்டு நிமிடத்தில் முழுவதும் ஊதா கலந்த சிவப்பாக மாறிவிட்டது. சத்து இருக்கிறது என்பதற்கு இது சாட்சி. எவ்வளவு என்பதை எச்.பி.எல்.சி. கருவி அளந்து சொல்கிறது. ஐரோப்பிய மருந்து நூல் இலைக்கு வெகுகாலம் வைத்திருந்த அளவு, குறைந்தது 2.5 சதவீதம்.

சென்னோசைடுகளை ஸ்விட்சர்லாந்தின் ஆர்தர் ஸ்டோல் குழுவினர் பிரித்தெடுத்தது 1941-ல். நம்பகமான வேதிச்சோதனை கைக்கு வருவதற்கு முன் இலையின் வீரியத்தை எலிகளை வைத்துத்தான் அளந்தார்கள்: இலைச்சாறு கொடுத்து, கூண்டின் அடியில் விழும் ஈரப்புழுக்கைகளை எண்ணி, தரம் தெரிந்த இலையோடு ஒப்பிட்டார்கள். அந்த முறையை மட்டமாக நினைக்க எனக்கு மனம் வரவில்லை. ஏனென்றால் சென்னோசைடு அப்படியே வேலை செய்வதில்லை. சிறுகுடலைக் கடந்து பெருங்குடலுக்குப் போய், அங்குள்ள பாக்டீரியா அதை உடைத்து ரெயின் ஆந்த்ரோனாக மாற்றிய பிறகுதான் குடல் அசைகிறது, நீர் உறிஞ்சப்படுவது குறைகிறது. இரவில் விழுங்கினால் காலையில் பலன் கிடைப்பது இதனால்தான். அந்தப் பாக்டீரியாவே இல்லாமல் வளர்த்த எலிகளில் இலை வேலை செய்யவில்லை.

வீட்டில் ஒரு பிடி இலையைக் கொதிக்கவைத்துக் குடிப்பவர்களை நினைத்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது. பறிப்புக்குப் பறிப்பு சத்து மாறும் இலையில் ஒரு பிடி என்பது அளவே இல்லை. ஐரோப்பிய மருந்து ஆணையம் நாளொன்றுக்கு 30 மில்லிகிராம் சத்துக்கு மேல் வேண்டாம், ஒன்றிரண்டு வாரத்துக்கு மேல் தொடர வேண்டாம், 12 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குத் தர வேண்டாம் என்கிறது. கர்ப்பிணிகளும் தவிர்ப்பது நல்லது.

கொட்டகையில் பார்த்த விலைபேச்சை ஆய்வுக்கூடப் பெண்ணிடம் சொன்னேன். சத்தின் அளவு தெரிந்து விற்க விவசாயிக்கு வழி உண்டா என்று கேட்டேன். முதல் பறிப்பையும் இரண்டாம் பறிப்பையும் கலக்காமல் தனித்தனி மூட்டையாகக் கட்டி, ஒவ்வொன்றிலிருந்தும் கொஞ்சம் இலை அனுப்பினால் போதும், சோதித்துச் சொல்லிவிடலாம் என்றார். கட்டணம்தான் ஒரு விவசாயிக்குத் தனியாகக் கட்டுப்படியாகாது; நாலைந்து பேர் சேர்ந்து அனுப்பினால் முடியும்.