கத்தியது எங்கே?

வேலூரிலிருந்து ஆம்பூர் சுமார் 50 கிலோமீட்டர். பஸ்ஸில் போகிறவன் புத்திசாலி. நான் அப்பாவின் பழைய ஹெர்குலிஸில் போனேன்!

பள்ளிகொண்டா தாண்டியதும் ஆரம்பித்தது: 'கிறீச்... கிறீச்...' வேலூர் கடைக்காரர் ஒருவர் ஏற்கெனவே தீர்ப்பு எழுதிவிட்டார்: "ஃபிரேம் விரிசல் சார், எடைக்குப் போட்டுடுங்க." அப்பா இருந்திருந்தால் அவரை அடித்தே இருப்பார்.

ஆம்பூரில் முதலில் தோல் வாடை, அப்புறம் பிரியாணி வாசனை. (இந்தத் தோல் பதனிடும் கழிவால் பாலாறு கெட்டு, 1996-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பே வந்தது.)

சைக்கிள் கடை பாய் ஸ்பானரைத் தொடவே இல்லை.

"எழுந்து நின்னு மிதிங்க சார்."

மிதித்தேன். சத்தமே இல்லை!

"உட்காருங்க."

'கிறீச்!'

"ஃபிரேமோ, காட்டர் பின்னோன்னா நின்னு மிதிச்சாலும் கத்துமே? இது சீட்டுப் பக்கம்."

"கீழேர்ந்துதானே கேக்குது பாய்?"

"குழாய் உள்ளே காலி சார். ஒரு இடத்துல கத்தினா இன்னொரு இடத்துல கேக்கும்."

நட்டைத் தளர்த்தி சீட் பில்லரை உருவினார். ஒரே துரு. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கிரீஸ் தடவினார். தோல் சீட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, "நல்ல தோல்" என்றார். தோல் ஊர்க்காரர் சொன்னால் சரிதான்.

"எவ்வளவு உயரம் வைக்க?"

பில்லரில் துரு ஒரு கோடு போட்டிருந்தது. அப்பா வைத்த உயரம். நான் அவரைவிட இரண்டு அங்குலம் அதிகம்.

"அந்தக் கோட்டுலேயே வைங்க பாய்."

"முட்டி வலிக்கும் சார்."

திரும்பும்போது, மாதனூரிலேயே முட்டி வலித்தது. சத்தம் மட்டும் வரவில்லை.