பழனி மலைப் பாதையில்: ஒரு பல்கலைக்கழகம், மூன்று உயரங்கள்

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தலைமை வளாகம் கோயம்புத்தூரில், கடல் மட்டத்திலிருந்து நானூறு மீட்டர் சொச்சம் உயரத்தில் இருக்கிறது. காப்பிக்கும் ஆரஞ்சுக்கும் பிளம்ஸுக்கும் வேண்டிய குளிரை அங்கே வரவழைக்க முடியாது. ஆகவே பழனி மலையின் அடிவாரம், நடுமலை, மேல்மலை என மூன்று உயரங்களில் பல்கலைக்கழகத்துக்கு நிலங்கள் உண்டு. இந்த வாரம் என் வழி அவற்றைத் தொட்டபடி மேலே ஏறுகிறது.

அடிவாரத்தில் இருப்பது பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியும் ஆராய்ச்சி நிலையமும். வீடுதோறும் தெரிந்த பி.கே.எம். 1 முருங்கை இங்கிருந்து வந்ததுதான். முன்பெல்லாம் முருங்கை என்றால் போத்து வெட்டி நட்டு, மரமாகும்வரை காத்திருக்க வேண்டும். இந்த ரகத்தை விதைபோட்டே வளர்க்கலாம். ஆறு மாதத்தில் காய்க்கத் தொடங்கும்.

வத்தலக்குண்டிலிருந்து தாண்டிக்குடி போகும் மலைச்சாலையில், ஆயிரம் மீட்டருக்குச் சற்று மேலே, தடியன்குடிசை தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம். மூன்றில் என் மனம் அதிகம் நின்ற இடம் இதுதான். நிழல்மரத்தின் கீழே காப்பி, அந்த மரத்தையே பற்றி ஏறும் மிளகுக்கொடி, இடையிடையே வாழையும் ஆரஞ்சும்: கீழ்ப்பழனி விவசாயியின் தோட்டம் இப்படித்தான் இருக்கும். அதே அடுக்கு ஆராய்ச்சிக்கும் உட்படுகிறது. கொடைக்கானல் கடைகளில் பட்டர் ஃப்ரூட் என்று விற்கும் வெண்ணெய்ப்பழத்தில் டி.கே.டி. 1 என்ற ரகம் இந்த ஊர்ப் பெயரைத் தாங்கியது.

ஆனால் இம்மலையின் பெரிய கதை விருப்பாச்சி வாழை. நீர்ப்பசை குறைந்த, மணமுள்ள பழம். பழனிப் பஞ்சாமிர்தத்துக்கு உரியது. 1970களில் முடிக்கொத்து நோய் இந்த வாழைத் தோட்டங்களைச் சூறையாடியது. நோய் கண்ட கன்றை அருகில் பார்த்தால் அடையாளம் தெளிவு: புது இலைகள் குட்டையாக, குறுகலாக, நிமிர்ந்து உச்சியில் கொத்தாக நெருங்கி நிற்கும், இலைக்காம்பில் கரும்பச்சைக் கோடுகள் விட்டுவிட்டு ஓடும். அந்த வாழை குலை தள்ளாது, தள்ளினாலும் தேறாது. வைரஸைப் பரப்புவது வாழை அசுவினி என்னும் சிறு பூச்சி. அதைவிட வேகமாகப் பரப்பியது, தோட்டத்துக்குத் தோட்டம் கைமாறிய பக்கக்கன்று. பார்வைக்கு நன்றாயிருக்கும் கன்றுக்குள்ளும் வைரஸ் இருக்கக்கூடும்.

பல்கலைக்கழகம் பிடித்த வழி, நோயற்றதென்று சோதித்த தாய்க்கன்றிலிருந்து திசு வளர்ப்பு முறையில் நாற்று உண்டாக்கி மலைக்குத் திருப்பி அனுப்புவது. நாற்றை ஆய்வுக்கூடத்தில் பெருக்கலாம். அது நிழலிலும் மழையிலும் அசுவினிக்கு நடுவிலும் பிழைக்குமா என்பதை மலைச்சரிவில் நட்டுத்தான் அறிய முடியும். நோய்ப்பட்ட வாழையைக் கண்டவுடன் வேரோடு அழிக்கும் கட்டுப்பாடு விவசாயிகளிடம் இல்லையானால் அந்த நாற்றும் நிலைக்காது. விருப்பாச்சி மலைவாழை 2008இலும் பழனிப் பஞ்சாமிர்தம் 2019இலும் புவிசார் குறியீடு பெற்றன. தோட்டத்தில் வாழை மீண்டும் நிற்காமல் அந்தக் குறியீட்டுக்குப் பொருளேது?

பண்ணைக்காடு, பெருமாள்மலை வழியாக ஏறினால் கொடைக்கானல், இரண்டாயிரம் மீட்டருக்கு மேல். இங்குள்ள தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தின் பொறுப்பு பிளம்ஸ், பேரி, ஆப்பிள் போன்ற குளிர்நாட்டுப் பழங்கள். இம்மரங்கள் இலையுதிர்த்து உறங்கி விழிக்கக் குறிப்பிட்ட அளவு குளிர்ந்த மணிநேரங்கள் வேண்டும். அது குறைந்தால் மொட்டு சரியாக விரியாது. இமயமலைச் சாரலின் குளிர் கொடைக்கானலுக்கு வாய்ப்பதில்லை. குறைந்த குளிரில் பூக்கும் ரகங்களே இங்கு தேறும். அவற்றைத் தேர்ந்தெடுக்க, ஒரே மரத்தைப் பல ஆண்டுகள் விடாமல் பார்க்க வேண்டும். விடுதி கட்ட இடம் தேடும் ஊரில் பழமரங்களுக்காக நிலத்தை விட்டுவைப்பது பெரிய காரியம். அதை ஒருபோதும் குறைக்கக் கூடாது.

இதே ஊரில் நேர்மாறான ஏற்பாடும் உண்டு. 1984இல் தொடங்கிய அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகத்துக்குத் தலைமையிடம் மலைமேல். அதன் வெளி மையங்கள் சென்னை, மதுரை, கோவை என்று சமவெளியில் இருக்கின்றன. செண்பகனூர் திரு இருதயக் கல்லூரியின் அருங்காட்சியகம் அடுத்த பகுதியில்.