சன்னலருகே நின்றவள்

1846இல் ஆனா தின் என்ற பெண் டார்கீ கடற்கரையிலிருந்து சில பவள உயிரிகளை லண்டன் வீட்டுக்குக் கொண்டுவந்தார். கடல் சாமந்தியின் நெருங்கிய உறவு அவை. வழியில் உருண்டு அடிபடாமலிருக்க ஊசிநூலால் கடற்பஞ்சோடு சேர்த்துத் தைத்தாராம். கடல்நீர் கெடாமலிருக்க, திறந்த சன்னலருகே பாத்திரம் மாற்றி மாற்றி ஊற்றிக் காற்றுக் கலக்க வேண்டும், அரைமணி, முக்கால்மணி. ஊற்றியது ஒரு வேலைக்காரச் சிறுமி. அவளுக்கு அது விளையாட்டாகத்தான் இருந்தது என்று 1859இல் வெளியான கட்டுரையில் தின் எழுதுகிறார். அவள் பெயரை எழுதவில்லை.

வகுப்பில் தின்னைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். "அந்தப் பிள்ளைக்குக் கை வலிக்காதா மேடம்?" என்றாள் ஒரு மாணவி.

என் வீட்டுத் தொட்டியில் ஒரு கடல் சாமந்தி ஆறு வருடமாக உயிரோடிருக்கிறது. நான் வளர்ப்பது என்றுதான் எல்லோரிடமும் சொல்வேன். தொட்டியில் ஆவியாவது நீர் மட்டுமே, உப்பு தங்கிவிடும். அதனால் தினமும் கோடு வரை நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டும், உப்புத் தண்ணீர் கூடாது. கருத்தரங்கு, விடைத்தாள் திருத்தம் என்று நான் போய்விடும் நாட்களில் ஊற்றுவது வீட்டு வேலைக்கு வரும் அக்கா. ஒருமுறை சாமந்தி நகர்ந்து நகர்ந்து பம்பின் வாயருகே போனபோது, ஸ்விட்சை அணைத்துவிட்டு எனக்குப் போன் செய்தவரும் அவர்தான்.

கை வலிக்கிறதா என்று அன்று மாலை அவரிடம் கேட்டேன்.

"தோள்பட்டைதான் டீச்சரம்மா. ஸ்டூல்ல ஏறி ஊத்துறப்ப."

அந்த ஸ்டூல் எப்போது தொட்டிக்குப் பக்கத்தில் வந்தது என்று எனக்குத் தெரியவில்லை.