பாட்டியின் மஞ்சப்பை

ஸ்ரீரங்கம் சித்திரை வீதியில் இருக்கும் என் பாட்டியின் மருத்துவச் சரித்திரம் முழுக்க ஒரு மஞ்சப்பைக்குள் அடக்கம். எந்த டாக்டரிடம் போனாலும் பையைப் பிரிப்பதற்கு முன்பே, "நேக்குப் பென்சிலின் ஒத்துக்காது" என்று சொல்லிவிட்டுத்தான் நாற்காலியில் உட்காருவார்.

புராஜெக்டுக்காக நான் எடுத்துக்கொண்டது ஓப்பன்எம்ஆர்எஸ். கென்யாவில் எச்.ஐ.வி. நோயாளிகளின் சிகிச்சைக்காக 2004-ல் உருவாகத் தொடங்கிய இலவச மென்பொருள். நோயாளியைத் தேர்ந்தெடுத்ததும் முதல் திரையில், மேலே பேர், வயது, பதிவு எண். கீழே கட்டம் கட்டமாக நோய், பி.பி., எடை, ஒவ்வாமை. சோதனைக்குப் பாட்டியையே 'நோயாளி' ஆக்கினேன். பி.பி., எடை எல்லாம் போட்டாச்சு. மிச்சத்தை அவசரத்தில் விட்டுவிட்டேன்.

லேப்டாப்பைத் திருச்சியிலிருந்து தூக்கிப் போய்ப் பெருமையாகக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தவர் கேட்டார், "பேர் சரி, வயசு சரி. பென்சிலின் எங்கடா?"

ஒவ்வாமைக் கட்டத்தில் 'அன்னோன்' என்று இருந்தது. "ஒண்ணும் இல்லேன்னு அர்த்தம் பாட்டி" என்று அளந்துவிட்டேன். அது தப்பு! 'ஒவ்வாமை இல்லை' என்பதற்குத் தனிப் பட்டனே இருக்கிறது. நோயாளியைக் கேட்டவர்தான் அதை அழுத்த வேண்டும். 'அன்னோன்' என்றால் யாரும் கேட்கவில்லை என்றுதான் பொருள். இது புரியாமலா ஒரு வாரம் அந்தத் திரையோடு மல்லுக்கட்டினேன்!

உடனே பதிய உட்கார்ந்தேன். என்ன மருந்து, என்ன செய்தது, எவ்வளவு கடுமை என்று வரிசையாகக் கேட்டது.

"மைல்டா, மாடரேட்டா, சிவியரா பாட்டி?"

"மூச்சு முட்டி, நாலு பேர் கட்டிலோட தூக்கிண்டு போனா. அது இதுல எதுடா?"